தாயின் தட்டும் பிள்ளையின் நிறையும்

வைத்தியசாலையிலிருந்து பிள்ளையோடு லயத்துக்குத் திரும்பும் தாயிடம் அயலவர்கள் முதலில் கேட்பது "ஆணா, பெண்ணா?" என்பதாகும். இரண்டொரு நாளில் வீடு தேடி வரும் மருத்துவ மாதுவோ வேறொன்றைக் கேட்பார்: "பிள்ளை எத்தனை கிலோ?" அவர் குழந்தையின் அட்டையைப் புரட்டி முதலில் பார்ப்பதும் அந்த இலக்கத்தையே. ஏன் இந்த இலக்கத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்?

பிறக்கும்போது 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுடைய குழந்தையை "நிறை குறைந்த குழந்தை" என உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. இத்தகைய குழந்தையின் உடல் எளிதில் குளிர்ந்துவிடும். பால் உறிஞ்சும் பலம் குறைவு. சளி, வயிற்றோட்டம் போன்ற நோய்கள் அதனை விரைவில் வீழ்த்திவிடும். பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் ஆபத்தும் நிறைவான குழந்தையிலும் பார்க்கப் பல மடங்கு அதிகம்.

2006-2007 ஆம் ஆண்டுகளில் வடமாகாணம் நீங்கலாக நாடெங்கும் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய 17 சதவீதமானவை நிறை குறைந்தவை. தோட்டப்பகுதியில் இது ஏறக்குறைய 31 சதவீதமாக இருந்தது. அதாவது தோட்டங்களில் பிறந்த பத்துக் குழந்தைகளில் மூன்று. ஒரே நாட்டில் இத்தனை வித்தியாசம் ஏன் என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

குழந்தை சிறிதாகப் பிறப்பது எதனால்?

இரண்டு வழிகளில் இது நேரும். ஒன்று, 37 கிழமை நிறைவதற்கு முன்னரே பிரசவமாவது. மற்றது, மாதம் நிறைந்தும் கருவறையில் குழந்தை போதிய அளவு வளராமல் இருப்பது. நமது நாடுகளில் இந்த இரண்டாவது வகை அதிகம். இதற்கு முக்கிய காரணம் தாயின் உடல்நிலையே.

ஏழாம் மாதம் முடியும்போது குழந்தையின் நிறை ஏறக்குறைய 1 கிலோ. மிகுதி 2 கிலோவும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேருகிறது. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகவே குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் செல்கின்றன. தாய்க்கே பற்றாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்?

தாயிடம் காணப்படும் ஆபத்துக் காரணிகளுள் முக்கியமானவை இவை: கர்ப்பம் தரிக்கும் வேளையிலேயே மெலிந்திருத்தல், உயரம் குறைவு, இரத்தச்சோகை, 20 வயதுக்கு முன்னர் கர்ப்பம் தரித்தல், பிள்ளைகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாமை, உயர் இரத்த அழுத்தம், சிறுநீர்த் தொற்று போன்ற நோய்கள், ஓய்வில்லாத கடும் வேலை, புகையிலை, மதுப் பழக்கம்.

கர்ப்பத்துக்கு முன்னரே தொடங்கும் கதை

"வயிறு தெரியத் தொடங்கினால் நன்றாகக் கவனிப்போம்" என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் மேற்கூறிய பட்டியலை மீண்டும் பாருங்கள். உயரம், மெலிவு, இரத்தச்சோகை ஆகிய மூன்றும் பெண் கர்ப்பம் தரிக்கும் அன்று தோன்றியவை அல்ல. அவள் சிறுமியாக இருந்தபோதே தொடங்கியவை. சிறு வயதில் ஊட்டமின்றி வளர்ந்த பெண் குள்ளமாகவும் மெலிந்தும் தாயாகிறாள். அவளுக்குச் சிறிய பெண் குழந்தை பிறக்கிறது. அக்குழந்தையும் அவ்வாறே வளர்ந்து தாயாகிறது. வறுமை இவ்வாறு தாயிடமிருந்து மகளுக்கு உடலின் வழியாகவே கைமாறுகிறது.

நமது வழக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் உளுந்துக்களி, முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் கொடுக்கிறோம். வளரும் பெண்ணுக்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். ஆனால் சடங்கு முடிந்த மறுநாள் அவளுக்குக் கிடைப்பது என்ன? மீண்டும் கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். மாதந்தோறும் இரத்தம் இழக்கத் தொடங்கும் அந்த வயதில்தான் இரும்புச்சத்து அதிகம் தேவை. சடங்கு நாட்களில் கொடுத்த முட்டையை அதன் பின்னரும் கிழமைக்குச் சிலமுறையாவது கொடுக்க முடியாதா?

தோட்டத்துத் தாயின் ஒரு நாள்

விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, விறகடுப்பில் ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பிள்ளைமடுவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டு மலைக்கு ஏறுகிறாள். கொழுந்துப் பையைச் சுமந்தபடி சரிவில் நிற்கிறாள். மாலையில் விறகுக் கட்டுடன் இறங்குகிறாள். இரவு எல்லோரும் உண்ட பின்னர் மிஞ்சியதை உண்கிறாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் பலருக்கு இந்த ஒழுங்கு மாறுவதில்லை. உண்பது குறைவு, உழைப்பது அதிகம் என்றால் குறைவது பிள்ளையின் நிறையே.

இத்துடன் மூன்று பழக்கங்களையும் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தேநீர். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. நாள் முழுதும் தேயிலை பறிக்கும் பெண்ணின் இரத்தச்சோகைக்கு அந்தத் தேயிலையும் ஒரு காரணமாகிறது. தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் இரும்புக் குளிசைக்கும் ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ குடித்தால் போதும்.

இரண்டாவது, வெற்றிலையோடு புகையிலை. குளிருக்கும் களைப்புக்கும் இது துணையெனப் பலர் கருதுகின்றனர். வாயில் மெல்லும் புகையிலையின் நஞ்சும் இரத்தத்தில் கலந்து குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கிறது. வீட்டுக்குள் கணவர் புகைக்கும் பீடியும், காற்றோட்டமில்லாத அடுப்படிப் புகையும் இவ்வாறே தீங்கு செய்யும்.

மூன்றாவது, "அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்" என்ற நம்பிக்கை. இதற்காக வயிற்றைக் கட்டும் தாய்மார் இன்றும் உள்ளனர். குறைத்துச் சாப்பிடுவதால் பிரசவம் இலகுவாகிவிடாது. பிள்ளையும் தாயும் பலவீனப்படுவதே மிச்சம்.

நாம் செய்யக்கூடியவை

1. கர்ப்பம் என்று சந்தேகம் வந்தவுடனேயே மருத்துவ மாதுவிடம் பதிந்துகொள்ளுங்கள். நிறை, உயரம், இரத்த அழுத்தம், இரத்தம் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே பரிசோதித்தால்தான் குறையைத் திருத்த நேரம் கிடைக்கும். ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை.

2. ஒவ்வொரு கிளினிக்கிலும் உங்கள் நிறை எவ்வளவு கூடியது என்று கேளுங்கள். மெலிந்த தாய் கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும்.

3. இரும்பு, போலிக் அமிலக் குளிசைகளைச் சொன்னபடி எடுங்கள். குமட்டினால் இரவில் படுக்குமுன் எடுக்கலாம். தேசிக்காய்த் தண்ணீர், கொய்யா, நெல்லி ஆகியவை இரும்புச்சத்து உடலில் சேர உதவும். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் எடுக்க வேண்டும்.

4. வழமையான சாப்பாட்டோடு ஒரு சிறு வேளை கூடுதலாக உண்ணுங்கள். விலை கூடிய பொருள் தேவையில்லை. பயறு, கௌபி, பருப்பு, கச்சான், நெத்தலி, முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியன போதும். லயத்துக்குப் பின்னால் ஒரு கீரைப்பாத்தியும் நான்கு கோழியும் பெரிய உதவி.

5. திரிபோஷாவைத் தாயே உண்ண வேண்டும். 1973 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டுவரும் இச்சத்துமா வீடு வந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகிவிடுவதே நாம் காணும் வழக்கம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அதன் விநியோகம் தடைப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அரச உதவி வரும்போது அது உரியவரைச் சேரட்டும்; வராதபோது கேட்பதற்கு மாதர் சங்கங்கள் முன்வரட்டும்.

6. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு வருடம் விடுங்கள். இழந்த சத்தைத் தாயின் உடல் மீளப்பெற இக்காலம் வேண்டும்.

7. பகலில் சிறிது நேரமாவது இடப்பக்கம் சரிந்து படுத்து ஓய்வெடுங்கள். கடைசி மாதங்களில் தண்ணீர், விறகு சுமக்கும் வேலையைக் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் ஏற்க வேண்டும். மாமியார் முதல் சட்டியில் மருமகளுக்குப் போட்டுவைத்தால் அதுவே பெரிய மருந்து.

8. பிரசவ விடுமுறை பற்றிய உரிமையை அறிந்திருங்கள். முன்னர் மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 கிழமை மாத்திரமே சம்பளத்துடன் கிடைத்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் பின்னர் எத்தனையாவது பிள்ளையாயினும் 12 கிழமை உண்டு.

கடும் தலையிடி, கண் மங்கல், முகம் கை வீக்கம், இரத்தப்போக்கு, காய்ச்சல், பிள்ளையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

சிறிதாகப் பிறந்துவிட்டால்?

மனம் தளர வேண்டியதில்லை. இக்குழந்தைக்குத் தேவை மூன்று: சூடு, தாய்ப்பால், சுத்தம். பிறந்தவுடன் குளிப்பாட்டலாகாது. சீனித்தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலே அதன் முதல் மருந்து. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து மேலே துணியால் போர்த்தி வைப்பது மிகச் சிறந்த முறை. 1978 ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், சூடூட்டும் பெட்டிகள் போதாத ஒரு வைத்தியசாலையில் தொடங்கிய இம்முறையை இன்று உலகெங்கும் வைத்தியர்கள் சிபாரிசு செய்கின்றனர். தாய் களைத்தால் தந்தையும் இவ்வாறு அணைத்திருக்கலாம்.

தராசில் தெரியும் அந்த இலக்கம் தாயின் குற்றமல்ல. அவள் சிறுமியாக இருந்தபோது அவள் தட்டில் விழுந்தது எவ்வளவு, அவள் தோளில் ஏற்றிய சுமை எவ்வளவு என்பதன் கணக்கு அது. எனவே அடுத்த தலைமுறையின் நிறையைக் கூட்ட விரும்பினால் நாம் கிளினிக் வாசலில் மட்டும் தொடங்கினால் போதாது. இன்றிரவு நம் வீட்டுப் பெண் பிள்ளையின் தட்டில், அண்ணனுக்கு வைத்த அதே அளவு பருப்பும் அதே முட்டைத் துண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்போம்.