வயதைக் கூட்டி எடுக்கும் விசா

வட்டகொடை பக்கத்துத் தோட்டங்களில் லயம் தேடி வரும் சப் ஏஜென்ட் முதலில் காட்டுவது முற்பணத்தை. பிள்ளைக்கு வயது போதாது என்று தாய் சொன்னால், "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். கடைக் கடனும் அடகும் கழுத்தை நெரிக்கும் வீட்டில் அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

மூதூர் ரிஸானா நபீக்கை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982. 2005இல் சவூதி சென்ற சில வாரங்களில், அவர் பராமரித்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டபோது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டு 23 என்றது. சிறுமி என்று வாதாடப் போனால் கையிலிருந்த கடவுச்சீட்டே எதிர்ச்சாட்சி! 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பிழையான சரக்கைத் திருப்பி அனுப்பலாம். கடவுச்சீட்டில் ஏறிய வயதை றியாதில் நின்று மாற்ற முடியுமா? வீட்டுப் பணிப்பெண்களுக்கு முன்பு சவூதி செல்ல 25 வயது வேண்டியிருந்தது. 2022இல் எல்லா நாடுகளுக்கும் 21 ஆக்கிவிட்டார்கள். காத்திருக்கும் காலம் குறைந்திருக்கிறது.

தோட்டங்களில் பெயர்ச் சிக்கலும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று. இதையும் ஏஜென்டிடம் விடாமல் பிரதேச செயலகம் சென்று முறைப்படி திருத்துங்கள். நாள் எடுக்கும், எடுக்கட்டும். ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற இலக்கத்தில் கேளுங்கள். முற்பணத்தைக் கையில் வாங்குவது அதற்குப் பிறகு.