நான்காம் போர்ட் எந்த முனையில் இருக்கிறது?

பிசிபி எனும் சர்க்யூட் போர்டில் ஓடும் செம்புக்கோட்டை வெறும் கம்பி என்று நினைத்துக்கொண்டு வேலை பார்த்த காலம் ஒன்று இருந்தது. இந்த முனையில் கொடுத்தது அந்த முனையில் அப்படியே வரும், அவ்வளவுதான். நொடிக்குச் சில நூறு கோடி பிட் என்று வேகம் ஏறியதும் அந்த நிம்மதி போயிற்று. கோடு சிக்னலில் கொஞ்சத்தை விழுங்கும், கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், பக்கத்துக் கோட்டுக்கும் கொஞ்சம் கசியவிடும். சிப்பின் பேக்கேஜ், கனெக்டர், கேபிள் எல்லாவற்றுக்கும் இதே குணம்தான். அதனால் பிசிபியைச் செய்யக் கொடுப்பதற்கு முன்பே முழுப் பாதையையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அதற்கு கனெக்டர் விற்பவரும் சிப் விற்பவரும் தத்தம் பொருளின் மாடலை ஒரு ஃபைலாகத் தர வேண்டும். டீ ஆறுவதற்குள் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிடலாம்.

பெரும்பாலும் அது டச்ஸ்டோன் ஃபைலாக இருக்கும். ஈஈசாஃப் என்ற நிறுவனம் 1980களில் மைக்ரோவேவ் சர்க்யூட்டுகளுக்காக விற்ற மென்பொருளின் பெயர் அது. மென்பொருள் போய்விட்டது, ஃபைல் வடிவம் மட்டும் நிலைத்துவிட்டது. பெயரின் கடைசியில் எஸ்4பி என்று இருந்தால் நான்கு போர்ட் என்று பொருள். போர்ட் என்பது சிக்னல் உள்ளே போகவோ வெளியே வரவோ கூடிய ஒரு வாய். உள்ளே முதலில் ஆச்சரியக்குறியில் தொடங்கும் குறிப்பு வரிகள் வரும். அடுத்து ஹேஷ் குறியோடு ஒரே ஒரு வரி, உதாரணமாக: அலைவெண் கிகாஹெர்ட்ஸில், எண்கள் எஸ்-பாராமீட்டர்கள், வடிவம் அளவும் கோணமும், ஒப்பீட்டு மின்தடை 50 ஓம். அதற்குக் கீழே எண்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. நான்கு போர்ட் என்றால் ஒவ்வொரு அலைவெண்ணுக்கும் 16 ஜோடி, அதாவது 32 எண்கள். எஸ்21 என்றால் ஒன்றாம் போர்ட்டில் கொடுத்ததில் இரண்டாம் போர்ட்டுக்கு எவ்வளவு வந்தது என்பது.

சரி, ஒன்றாம் போர்ட் கனெக்டரின் எந்தப் பின்? அதை மட்டும் ஃபைல் சொல்லாது.

ஒரே சிக்னலை பிளஸ், மைனஸ் என எதிரெதிராகச் சுமக்கும் இரண்டு கோடுகள் கொண்ட டிஃபரென்ஷியல் ஜோடியை எடுத்துக்கொள்வோம். ஒரு லேபில் முதல் கோட்டின் இரு முனைகளுக்கும் 1, 2 என்றும் அடுத்த கோட்டுக்கு 3, 4 என்றும் எண் போடுவார்கள். இன்னொரு லேபில் இடப்பக்கம் 1, 2, வலப்பக்கம் 3, 4. அங்கே 1 போய்ச் சேருவது 3-இல். இரண்டும் பழக்கத்தில் இருப்பவை, இரண்டுமே சரி. சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டில் எது என்று சொல்லாமல் கதவு எண்ணை மட்டும் கொடுப்பது போன்ற சங்கடம் இது.

முதல் முறையில் எண்ணிட்ட ஃபைலை இரண்டாவது முறையை எதிர்பார்க்கும் மென்பொருளுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே கோட்டின் இரு முனைகளையும் அது ஜோடி என்று எடுத்துக்கொள்ளும். கடந்து வரும் சிக்னல் என்று அது காட்டுவது கசிவின் மிச்சம் மட்டுமே. பாதை செத்துக் கிடப்பது போல் வரைபடம் வரும். இது நல்ல தவறு என்பேன், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. அனுபவசாலிகள் மிகக் குறைந்த அலைவெண்ணில் எஸ்21-ஐப் பார்ப்பார்கள். அது 1-ஐ ஒட்டி இருந்தால் 1-உம் 2-உம் ஒரே கோட்டின் முனைகள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் வேறு கோடுகள். பாதையின் நடுவே டிசியைத் தடுக்கும் கெபாசிட்டர் இருந்தால் அந்த உபாயமும் கைகொடுக்காது. அப்போது கொஞ்சம் மேலே உள்ள அலைவெண்களுக்குப் போக வேண்டும்.

கெட்ட தவறு வேறு. இரண்டு முனைகளும் இடம் மாறி, டிரான்ஸ்மிட்டர் பக்கம் ரிசீவர் பக்கமாகிவிட்டது என்று வையுங்கள். கனெக்டர், கேபிள் போன்றவற்றில் இங்கிருந்து அங்கே போவதும் அங்கிருந்து இங்கே வருவதும் ஒன்றுதான். ஆகவே கடந்துவரும் சிக்னலின் வரைபடம் துளியும் மாறாது. திரும்பிவரும் பிரதிபலிப்பு மட்டும் முனை மாறி நிற்கும். ஜோடிகள் பலவாகிப் போர்ட் பன்னிரண்டு ஆனால், எண்ணிடும் வரிசைகள் 47 கோடியே 90 லட்சம். எந்தப் பக்கத்து ஜோடியிலிருந்து எவ்வளவு கசிகிறது என்பது மாறிப்போனால் யார் கண்ணிலும் படாது.

ஃபைலின் தரத்தைச் சோதிக்க வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஐஈஈஈ 370 என்ற தரநிலை 2020-இல் வந்தது. 50 கிகாஹெர்ட்ஸ் வரைக்குமான அளவீடுகளை எப்படி எடுப்பது, எப்படி நம்புவது என்பதற்கு. பொருள் தானே ஆற்றலை உண்டாக்குவதாகக் காட்டுகிறதா, இரு திசையும் ஒத்துப்போகிறதா, காரணத்துக்கு முன் விளைவு வருகிறதா என்ற மூன்று சோதனைகள் அதில் முக்கியம். மூன்றும் அவசியமானவைதான். ஆனால் போர்ட் எண்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் இந்த மூன்றின் விடையும் மாறாது. பெயர் தவறிய ஃபைலுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். இந்தத் தவறைக் கணக்கால் பிடிக்க முடியாது, பெயர் எழுதித்தான் தடுக்க வேண்டும்.

இந்தப் பெயர்ப் பிரச்சினையை நெடுநாளாகப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் ஐபிஸ் குழுவினர். ஐபிஸ் இன்டெலில் தொடங்கியது, 1993-இல் அதன் முதல் பதிப்பு வந்தது. சிப்பின் உள்விவரத்தைக் காட்டிக்கொடுக்காமல், அதன் பின்கள் வெளியே எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் அட்டவணையாகச் சொல்லும் தரநிலை. அதில் பேக்கேஜுக்கு ஒரு மின்தடை, ஒரு இண்டக்டன்ஸ், ஒரு கெபாசிட்டன்ஸ். அன்றைய வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 2003-இல் இணைப்புப் பாதைகளுக்கென்றே ஐசிஎம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது பெரிதாகப் பரவவில்லை. 2009-இல் டச்ஸ்டோனுக்கு 2.0 பதிப்பு வந்தது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ஒப்பீட்டு மின்தடை தரலாம் என்றாயிற்று. பழைய ஃபைலில் இரண்டு போர்ட்டுக்கு மட்டும் எஸ்21 முன்னாலும் எஸ்12 பின்னாலும் வரும், மூன்றிலிருந்து வரிசை மாறிவிடும் என்றொரு வேடிக்கை உண்டு. எந்த வரிசை என்று இனி வெளிப்படையாக எழுத வேண்டும் என்றும் அதில் வைத்தார்கள். போர்ட்டின் பெயருக்கு மட்டும் அதிலும் இடமில்லை.

பெயர் வந்தது 2019-இன் ஐபிஸ் 7.0-இல். அதில் டச்ஸ்டோன் ஃபைலைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. உறையில் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி: இது பேக்கேஜின் பின்னா, சிலிக்கான் மேல் உள்ள பேடா, சிக்னலை அனுப்பும் அல்லது வாங்கும் பஃபர் சர்க்யூட் தொடும் இடமா, சிக்னலா, மின்சப்ளையா, பின்னின் பெயர் என்ன. மின்சப்ளையில் ஒரு சிக்கல். ஒரு பெரிய சிப்பில் கிரவுண்டுக்கு மட்டுமே நூற்றுக்கணக்கான பின்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் போர்ட் வைத்தால் ஃபைல் வெடித்துவிடும். அதனால் பின் பெயருக்குப் பதில் சிக்னல் பெயரைக் கொடுத்து, அந்தப் பெயருள்ள பின்கள் அனைத்தையும் ஒரே முனையாகச் சேர்த்துக்கொள்ள வழி செய்தார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. போர்ட் நான்கு என்றால் முனை ஐந்து எழுத வேண்டும். மின்னழுத்தம் என்பதே இரண்டு இடங்களுக்கு இடையிலான வித்தியாசம். அந்த இரண்டாவது இடம் எது என்று டச்ஸ்டோன் ஒருபோதும் சொன்னதில்லை. ஐந்தாவது முனை அதைச் சொல்ல வைக்கிறது.

ஆனால் உறை சிப்பைச் சேர்ந்தது. 2021-இன் 7.1 பதிப்பு மெமரி மாட்யூல் போன்றவற்றுக்கும் அதை நீட்டியது. தனியாக ஈமெயிலில் வந்து சேரும் கனெக்டர் ஃபைலுக்கு உறை ஏது? பெயர் ஃபைலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஐபிஸ் குழுவிலும் இதைப் பல ஆண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள். இழுபறிக்குக் காரணம் சோம்பல் இல்லை. கனெக்டர் செய்பவருக்குத் தெரிந்தது எந்த வரிசை, எத்தனையாவது பின் என்பது மட்டும். அதில் எந்த சிக்னல் ஓடும் என்பது பிசிபி வடிவமைப்பவருக்குத்தான் தெரியும். ஒருவர் வைக்கும் பெயர் இன்னொருவருக்கு உதவாது. இரண்டு பெயர்களையும் தாங்கி, இரண்டையும் பொருத்திக் காட்டும் இலக்கணம் தேவைப்படுகிறது. சில மென்பொருள்கள் இப்போதே ஆச்சரியக்குறி வரிகளில் பெயரை எழுதுகின்றன. ஆளுக்கொரு பாணி என்பதால் மனிதர் படிக்கலாம், இன்னொரு மென்பொருள் படிக்கும் என்று நம்ப முடியாது.

இந்தத் துறையில் இருப்பவரானால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எஸ்12பி ஃபைல் அனுப்பும்போது, தலையில் பன்னிரண்டு ஆச்சரியக்குறி வரிகள் எழுதுங்கள்: போர்ட் எண், பின், எந்தப் பக்கம், பிளஸ்ஸா மைனஸ்ஸா. அந்த வரிகள் இல்லாமல் உங்களுக்கு ஒன்று வந்தால், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் திருப்பி அனுப்பிக் கேட்டு வாங்குங்கள்.