நாற்றுமேடை விரிப்பைச் சுருட்டிக் கட்டும் முறை

கொத்மலைச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வலுத்து வீசும். அக்காலத்தில் கோவா, லீக்ஸ் நாற்றுமேடைகளை மழையினின்று காக்கும் பொலித்தீன் விரிப்பை, வெயில் கண்டதும் கமக்காரர் சுருட்டி வைப்பர். சுருளைக் கட்டாது விடின், காற்று உட்புகுந்து அதனைப் பாய்போல் உப்பச்செய்து, வளைகம்புகளையும் பிடுங்கி நாற்றுக்களின்மீது வீழ்த்தும். பல வார உழைப்பு ஒரு நொடியில் அழியும்.

இதனைத் தடுத்தல் எளிது. காற்று வரும் பக்கத்து ஓரத்தை மண்ணிட்டுப் புதைத்தல் வேண்டும். மறு ஓரத்தை, நீரை உதறியபின், மூங்கிற்கழியில் இறுகச் சுருட்டி அப்பக்கமே கொணர்ந்து, இரு நுனிகளிலும் நடுவிலும் முளைகளோடு கட்டுதல் வேண்டும். நுனிகளை மட்டும் கட்டினால் நடுப்பகுதி நெகிழும். பாயைச் சுருட்டும் படகோட்டிகளும் இடையிடையே கட்டுவது இதனாலேயே. இழுத்தவுடன் அவிழும் முடிச்சே ஏற்றது. திடீர் மழையில் விரைந்து விரிக்கலாம்.