மோட்டார் வண்டியின் பிரேக் தகடுகள்

மோட்டார் வண்டி வைத்திருப்போருள் பலர், எஞ்சின் சற்றே முனகினாலும் கவலை கொள்வர். பிரேக் கிரீச்சிட்டால் மட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று இருந்துவிடுவர். ஓடாத வண்டியால் நேர்வது தாமதமே. நில்லாத வண்டியால் நேர்வதோ உயிர்ச்சேதம். ஆதலின், தேய்ந்த பிரேக் தகட்டை வீட்டிலேயே மாற்றும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடர் கார், தொடக்கத்தில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே பெற்றிருந்தது. பிந்திய வடிவங்கள் சிலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. இன்றைய கார்களில் இதுவே வழக்கம். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தகடே டிஸ்க். பெடலை மிதித்தவுடன் காலிபர் என்னும் கவ்வி, இருபுறமும் உள்ள பேடுகளைத் தகட்டின்மீது அழுத்துகிறது. ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிறது. 1,000 கிலோ எடையுள்ள வண்டி 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் நீரை ஏறத்தாழ 23 பாகை சூடேற்றவல்லது. நூறடிக்கு ஒருமுறை நிற்க வேண்டிய கொல்கத்தாத் தெருக்களில் தகடு படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

தகடு மெலியுந்தோறும் அவ்வெப்பத்தைத் தாங்கும் திறனும் குறைகிறது. இதற்குக் கீழே மெலியலாகாது என்னும் அளவைத் தகட்டின் ஓரத்திலேயே பொறித்திருப்பர். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து பாருங்கள். அவ்வளவுக்கு வந்திருந்தாலும், வெடிப்புக் கண்டிருந்தாலும் மாற்றியே தீர வேண்டும். மழைக்காலத்துக் காலையில் தோன்றும் மெல்லிய துருவுக்கு அஞ்ச வேண்டியதில்லை; நாலைந்து முறை பிரேக் பிடித்தால் அது நீங்கிவிடும்.

தகடுகளை இடமும் வலமுமாக இணையாகவே மாற்றுக. பேடுகளும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். மல்லிக் பஜாரில் பழைய உறுப்புகள் பல கிடைக்கும். எனினும் பிரேக் தகட்டைப் பழையதாக வாங்குதல் சிக்கனம் ஆகாது.

சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக் இட்டுப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைச் சற்றுத் தளர்த்தியபின் ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் இருத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கைவைத்தல் கூடாது. சக்கரத்தை நீக்கிக் காலிபரைக் கழற்றினால், அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் எண்ணெய் செல்லும் குழாயில் அதன் பாரம் விழலாகாது. பின்னர்த் தகட்டை எடுத்துவிட்டு, அது அமரும் முகத்தில் உள்ள துருவைக் கம்பித் தூரிகையால் முற்றும் அகற்றுங்கள். அங்கே சிறு துகள் தங்கினாலும் தகடு கோணலாகச் சுழலும்; மிதிக்குந்தோறும் பெடல் நடுங்கும்.

புதிய தகட்டில் துருப் பிடியாதிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் துடைக்கும் திரவத்தால் போக்கிவிடுங்கள். காலிபரின் பிஸ்டனை மெல்ல உள்ளே தள்ளுகையில், மேலே கலத்தில் உள்ள எண்ணெய் வழியாதவாறு பார்த்துக் கொள்ளுங்கள். போல்ட்டுகளைக் கைந்நூலில் குறித்த அளவுக்கே முடுக்குங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள்.

இனி மறக்கலாகாத ஒன்று: வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டிப்படும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருத்தலின் முதல் மிதிப்பில் பிரேக் பிடியாது. பின்னர், நெரிசல் இல்லாத விடியற்காலையில், நடுத்தர வேகத்திலிருந்து மெல்ல மெல்லப் பலமுறை வேகம் தணித்து, பேடும் தகடும் ஒன்றோடொன்று படியச் செய்யுங்கள்.

பின்சக்கரத் தகடுகளில் கைப்பிரேக்கின் அமைப்பும் சேர்ந்திருப்பது உண்டு. பழகாதவர் அவற்றைப் பணிமனைக்கே விடுதல் நன்று. பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தாலும் அங்கேயே காட்டுக. நம் கையால் செய்வது பெருமைதான். ஆனால் தெருவைக் கடக்கும் குழந்தையின் உயிரும் அந்தத் தகட்டையே நம்பியிருக்கிறது.