செடிம் ஆற்றங்கரையில் வேனை விட்டு இறங்காதவர்கள்: காட்டுப் பாதை எல்லாருக்கும் பொதுவாவது எப்படி?

கரங்கான்: பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் கரங்கான் பட்டணத்தைக் கடந்து செடிம் ஆற்றுப் பக்கம் போகும் வேன்களுக்குக் குறைவே இருக்காது. டப்ளின் தோட்டம், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று பல இடங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கோழிக்கறி ஒரு டிபனில், சோறு ஒரு டிபனில், உட்காரப் பாய், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி. வேன் நின்றதும் பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்து ஓடிவிடும். பெரியவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள்.

அந்த வேன்களில் ஏதாவது ஒன்றில் ஒரு தாத்தாவோ பாட்டியோ இறங்காமல் உட்கார்ந்திருப்பார். சர்க்கரை வியாதியில் ஒரு காலை இழந்தவராக இருக்கலாம், பக்கவாதம் வந்து தேறியவராக இருக்கலாம். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொள்வார். ஆற்றின் சத்தம் அவர் காதுக்கு எட்டும். ஆறு கண்ணுக்கு எட்டாது.

அவரை வேனிலேயே நிறுத்தி வைப்பது அவருடைய கால் என்றுதான் வீட்டார் நினைக்கிறார்கள். ஆனால் வேன் நிற்கும் இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள ஐம்பது, அறுபது மீட்டர் நிலத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நாலு படிக்கட்டு, மழையில் அரித்துப்போன மண், வேர், உருட்டுக் கல், குறுக்கே ஒரு கால்வாய். இவை இல்லாவிட்டால் அதே மனிதர் அதே காலோடு, சக்கர நாற்காலியில் ஆற்றங்கரை வரை வந்து மற்றவர்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டிருப்பார்.

இது யாரோ சிலருடைய விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு நீரிழிவு இருக்கிறது. எல்லா இனத்தாரிலும் அதுவே அதிகம். கால் விரலில் தொடங்கும் புண் காலையே கேட்கும் வியாதி அது. கண் பார்வையையும் அது விட்டுவைப்பதில்லை. பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த முழங்கால்கள் வேறு. ஓ.கே.யு. அட்டை எடுக்காதவர்களையும் சேர்த்தால், படிக்கட்டைக் கண்டு தயங்கும் ஆள் இல்லாத வீடு தோட்டப்புறத்தில் குறைவாகத்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் மாற்றுத் திறனாளிகள் சட்டம், அதாவது 685ஆவது சட்டம், 2008 ஜூலை 7ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பொது வசதிகளையும் கட்டடங்களையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமையை அதன் 26ஆவது பிரிவு தருகிறது. பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்குகொள்ளும் உரிமையை 32ஆவது பிரிவு பேசுகிறது. மாற்றுத் திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010 ஜூலையில் உறுதிப்படுத்தியது. அதன் 30ஆவது விதியும் இதையே வலியுறுத்துகிறது. ஆகவே ஆற்றங்கரைக்கு ஒரு நல்ல பாதை கேட்பது சலுகை கேட்பதாகாது.

ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பல் கிடையாது. உரிமையை மறுத்தவருக்கு இன்ன தண்டனை என்று அதில் ஒன்றும் இல்லை. மாற்றுத் திறனாளிகள் அமைப்புகள் நெடுநாளாகச் சொல்லி வரும் குறை இது. இன்னொரு ஓட்டையும் உண்டு. 1984ஆம் ஆண்டின் ஒருமித்த கட்டடத் துணைச் சட்டத்தில் 34ஏ என்னும் விதி, கட்டடங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு வழி வேண்டும் என்கிறது. காட்டுப் பாதை கட்டடம் அல்லவே! அதனால் கழிப்பறையும் உணவுக் கடையும் ஒரு விதிக்குள் வரும். அவற்றிலிருந்து ஆற்றுக்குப் போகும் பாதை எந்த விதிக்குள்ளும் அகப்படாமல் நழுவிவிடும். சாய்தளம் கட்டிய கழிப்பறைக்குப் போகவே சேற்றில் இறங்க வேண்டியிருக்கும் வேடிக்கை இப்படித்தான் உண்டாகிறது.

சாய்தளத்தின் கணக்கு

படிக்கட்டின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சாய்தளம் ஆகாது, சறுக்குமரம்தான். கட்டடங்களில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு படியின் உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அந்த ஒரு படிக்கே 1.8 மீட்டர் சாய்தளம் தேவை. ஆறு படிக்கு 10.8 மீட்டர், நடுவில் மூச்சு வாங்கச் சமதளமான ஓர் இடம். கேட்கும்போது நீளமாகத் தெரியும். ஆனால் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுபவரின் தோளுக்குத்தான் அந்த நீளத்தின் அருமை தெரியும்.

காட்டுப் பாதைக்கு இவ்வளவு கறாராக இருக்க முடியாது. இயற்கை நிலம் வளைந்தும் நெளிந்தும்தான் இருக்கும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அமெரிக்கா 2013இல் கூட்டரசுப் பூங்காக்களுக்கும் காடுகளுக்கும் விதிமுறை வகுத்தது. ஒன்றுக்கு இருபது என்ற சாய்வு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றால் 61 மீட்டருக்குள் ஓய்விடம் வர வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்றால் 9 மீட்டருக்குள். ஒன்றுக்கு எட்டு என்றால் வெறும் 3 மீட்டருக்குள். அகலம் 91 செ.மீ. போதும். ஆனால் இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க, சுமார் 300 மீட்டருக்கு ஓர் இடத்திலாவது ஒன்றரை மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நிலம் இடம் கொடுக்காத பகுதிக்கு விலக்கும் உண்டு. மலையை உடைத்தாவது பாதை போடு என்று அந்த விதி சொல்லவில்லை. முடிந்த தூரம் வரை ஒழுங்காகப் போடு என்கிறது.

அதில் இன்னொன்று நம்மூருக்கு நன்றாகப் பொருந்தும். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை வைத்து நீளம், அகலம், சாய்வு, தரை எப்படிப்பட்டது என்பதை எழுதிவிட வேண்டும். "மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்றது" என்று ஒரு நீலப் படம் ஒட்டுவதைவிட இது மேல். கையில் பலமுள்ள இளைஞர் ஏறக்கூடிய ஏற்றம் வேறு. பேத்தி தள்ள வரும் பாட்டியால் ஏறக்கூடிய ஏற்றம் வேறு. விவரம் கையில் இருந்தால் போவதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்வார்கள். இப்போதோ அந்த முடிவை வேன் ஓட்டி வரும் மருமகன் எடுக்கிறார்.

தரையும் முக்கியம். செம்மண் பாதை வெயிலில் சிமெண்டு போல இருக்கும்; ஒரு மழை பெய்தால் சக்கரம் புதையும். பொடிக்கல்லைக் கொட்டி நன்றாக இறுக்கினால் பெரும்பாலும் தாங்கும். மழைநீரைத் திருப்பிவிடப் பாதைக்குக் குறுக்கே மரக்கட்டை பதிப்பது காட்டுப் பாதைகளில் வழக்கம். நடப்பவர் அதைத் தாண்டிவிடுவார்; சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். கட்டைக்குப் பதில் அகலமாக, ஆழமில்லாத பள்ளமாக வழித்துவிட்டால் தண்ணீரும் போகும், சக்கரமும் போகும். செலவும் பெரிதாக ஆகாது.

தோட்டத்துப் பாதை ஒரு பாடம்

இந்தக் கணக்கெல்லாம் புதிதல்ல. பால் லோரியும் டிராக்டரும் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத் தோட்டத்துப் பாதைகள் குன்றைச் சுற்றிச் சுற்றி, செங்குத்தாக ஏறாமல் போடப்பட்டவை. மேட்டு நிலத்தில் செம்பனை நடும்போதும் மலையின் வளைவை ஒட்டியே படிப்படியாக நிலத்தை வெட்டுவார்கள். குலை ஏற்றிய வண்டிக்காகச் செய்ததை மனிதருக்காகச் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டம் தனியார் நிலம்தான், அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஆனால் பாதையை எப்படி வளைக்க வேண்டும் என்பதைப் பார்த்துப் படிக்கக் கரங்கானிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை.

செடிமின் பெயரை வெளியூர்க்காரர்களும் அறிந்ததற்கு அங்குள்ள மர உச்சி நடைபாலம் ஒரு காரணம். தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரும்புப் பாலம் அது. பொதுவாகவே இப்படிப்பட்ட பாலங்களில் நடுப்பகுதியைவிட முதல் பத்தடிதான் ஒருவரின் விதியைத் தீர்மானிக்கிறது. பாலம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஏறும் வழி படிக்கட்டாக இருந்தால் சக்கர நாற்காலிக்கு அது இல்லாத பாலமே. சிங்கப்பூரில் தெலுக் பிளாங்கா குன்றில் 2008இல் திறக்கப்பட்ட வனநடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதுவும் மரங்களுக்கு நடுவே போகும் இரும்புப் பாதைதான். படியை விட்டு, வளைந்து வளைந்து மெல்ல ஏறும்படி கட்டியதால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் அதில் போகின்றன. வேறுபாடு பணத்தில் மட்டும் இல்லை. வரைபடம் போடும் நாளன்று சக்கர நாற்காலிக்காரர் ஒருவரைக் கேட்டார்களா என்பதிலும் இருக்கிறது.

கேட்டு, போராடிப் பெற்ற கதை ஒன்று சென்னையில் உண்டு. மெரினா கடற்கரை எவ்வளவு அகலமான மணல்வெளி என்பது ஊருக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை, மாற்றுத் திறனாளிகள் தினத்தை ஒட்டித் தற்காலிகப் பாதை போட்டு, சில நாளில் எடுத்துவிடுவார்கள். நிரந்தரப் பாதை வேண்டும் என்று அமைப்புகள் விடாமல் கேட்டதன் பலனாக, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை ஒன்றை மாநகராட்சி அமைத்தது. செலவு 1 கோடியே 14 லட்சம் ரூபாய். 2022 நவம்பர் 27ஆம் தேதி திறந்தார்கள். வாழ்நாளெல்லாம் அதே நகரத்தில் இருந்தும் அலையில் கால் நனைக்காத பலர் அன்றுதான் நனைத்தார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது பாதையின் ஒரு பகுதி பெயர்ந்து போனது. பிறகு சீர்செய்தார்கள். புயலுக்கு முன்பே வேறொரு தலைவலியும் இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமெல்லாம் மரப்பாதையில் ஏறிக்கொண்டதால் ஆள் போட்டு ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. பாதை போடும்போது படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள். பராமரிக்கும்போது யாரும் வருவதில்லை. கெடாவின் மழைக்கும் கரையானுக்கும் நடுவே ஒரு மரப்பாதை போட நினைப்பவர்கள் இதை முதலிலேயே வரவுசெலவில் எழுதிக்கொள்வது நல்லது.

ஆற்றுத் தண்ணீர் அழைக்கும்போது

பாதுகாப்பு என்ற சொல்லை எடுத்தால் பலருக்கும் வாயடைத்துவிடும். 685ஆவது சட்டத்தின் 26ஆவது பிரிவிலும், பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் நிலையில் உரிமைக்கு வரம்பு உண்டு என்று ஒரு வாசகம் இருக்கிறது. கெடாக்காரர்களுக்கு இந்தப் பயம் வெறும் பேச்சல்ல. 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி குனோங் ஜெராயில் திடீரென இறங்கிய காட்டாற்று வெள்ளம் யான், மெர்போக் வட்டாரங்களைப் புரட்டிப் போட்டு உயிர்களையும் கொண்டுபோனது. மேலே மலையில் மழை பெய்ய, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் அந்தப் பயத்தை வைத்து ஆளை வேனிலேயே விட்டுவிடுவது சரியான விடையல்ல. ஓடத் தெரிந்தவனுக்கே நேரம் போதாத இடத்தில், மெதுவாக நகர்பவருக்கு நல்ல பாதை இன்னும் அவசியம். அவர் உட்காரும் மேடை தண்ணீர் மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கலாம். அங்கிருந்து திரும்பும் வழி ஏற்றமில்லாமல், கார் நிறுத்துமிடத்துக்கு நேராக இருக்கலாம். அபாயச் சங்கு ஊதினால் காது கேளாதவருக்குத் தெரியாது. கூடவே சுழலும் சிவப்பு விளக்கு வேண்டும். பலகையில் எழுதினால் பார்வையற்றவருக்குத் தெரியாது, ஒலிபெருக்கி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தூங்கிவிட்ட அப்பாவுக்கும் முதுகைக் காட்டிக் குளிக்கும் பையனுக்கும் அதே எச்சரிக்கை போய்ச் சேரும்.

பார்வையற்றவர்களுக்காக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1967லேயே ஒரு காட்டுப் பாதை அமைத்தார்கள். ஓரம் முழுக்க ஒரு கயிறு, ஆங்காங்கே பிரெயில் பலகை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து, நிற்கும் இடத்தில் மரப்பட்டையைத் தொட்டு, வாசனை பிடித்து, ஓடையின் சத்தத்தைக் கேட்டுப் போகலாம். தேவைப்பட்டதெல்லாம் கயிறும் அக்கறையும்தான்.

பாதையே போட முடியாத இடத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பிரான்சில் மலை வழிகாட்டியான ஜோயல் கிளாடெல், தசை நோயால் நடக்க முடியாத தம் உறவுப் பையனை மலைக்குக் கூட்டிப் போக 1987இல் ஒற்றைச் சக்கர நாற்காலி ஒன்றைச் செய்தார். ஜோலெட் என்று பெயர். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தண்டைப் பிடித்துக்கொள்ள, கல்லும் வேரும் உள்ள பாதையிலும் அது போகும். இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேட்டில் ஏறி இறங்கிய மக்களுக்கு இந்த வித்தையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாற்காலி விலை அதிகம். ஒரு குடும்பம் வாங்குவது கஷ்டம். ஒரு பொழுதுபோக்குக் காட்டு அலுவலகத்திலோ ஓர் இளைஞர் மன்றத்திலோ ஒன்று இருந்தால் பத்து தோட்டத்துக்குப் போதும்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பொழுதுபோக்குக் காடுகள் பொதுவாக மாநில வன இலாகாவின் பொறுப்பு. பட்டணத்துப் பூங்காவும் நடைபாதையும் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தவை. ஓ.கே.யு. பதிவு சமூக நல இலாகாவில். உள்ளூர்த் திட்டத்தின் நகல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆட்சேபமோ ஆலோசனையோ கொடுக்கலாம். "வசதி செய்து தாருங்கள்" என்று மொட்டையாக எழுதும் கடிதம் கோப்புக்குள் போய்விடும். எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை செ.மீ., கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு, கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆறு எத்தனை மீட்டர் என்று அளந்து, படம் எடுத்து, எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தர விதியைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் சொல்லாமல் இருப்பது அதிகாரிக்குச் சிரமம். சக்கர நாற்காலி பெரும்பாலும் 65 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும், திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். அடுத்த விடுமுறைக்குச் செடிம் போகும்போது கோழிக்கறி டிபனோடு ஓர் அளவு நாடாவையும் எடுத்துப் போகலாம். அளக்கும் வேலையை, வேனில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கேட்டே செய்யலாம். எந்த இடத்தில் சக்கரம் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.