எரு எங்கே போகும்?

26,350 பன்றிகளை ஒரே வளாகத்தில் வளர்க்க முடியுமா என்று கேட்டால், தாராளமாக முடியும் என்பேன். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளிலேயே உத்தியோகக் காலத்தைக் கழித்த கால்நடை மருத்துவன் நான். எண்ணிக்கையைக் கண்டு மிரளும் ஆள் இல்லை. தீவனம், தண்ணீர், தடுப்பூசி, காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எருவுக்கு வரும்போதுதான் கணக்கு இடிக்கும்.

மகன் மினியாபொலிஸில் இருக்கிறான். கோடையில் நாங்கள் போனால், வார இறுதியில் செயின்ட் குராய் ஆற்றைத் தாண்டி விஸ்கான்சின் மாநிலத்தின் பர்னெட் மாவட்டத்துக்குக் கூட்டிப்போவான். அங்கே ஏரிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. கரையெல்லாம் மரவீடுகள். வீட்டுக்கு வீடு தண்ணீருக்குள் நீளும் பலகைத் துறை, அதில் கட்டிய படகு. பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடப்பார்கள், பெரியவர்கள் தூண்டில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார இத்தனை செலவா என்பாள் என் மனைவி.

அந்த மாவட்டத்தில் ட்ரேட் லேக் என்றொரு சிற்றூர். 2019இல் கம்பர்லேண்ட் என்ற நிறுவனம் அங்கே பண்ணை வைக்கக் கிளம்பியது. முதல் வரியில் சொன்ன எண்ணிக்கை அதனுடையதுதான். கட்டியிருந்தால் மாநிலத்திலேயே பெரிய பன்றிப்பண்ணை அதுவாக இருந்திருக்கும். ஊர் கொதித்தது. பர்னெட்டும் பக்கத்துப் போல்க் மாவட்டமும் பெரிய பண்ணைகளுக்குத் தற்காலிகத் தடை போட்டன.

நாற்றத்துக்காகத்தான் எதிர்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். என் மகனுக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவர் பேசியதெல்லாம் கிணற்றைப் பற்றியும் பாசியைப் பற்றியும்தான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்க் கோழி எரு ஓரளவு காய்ந்தது. லாரியில் ஏற்றி மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் தூரத்து ஊர்களுக்கு அனுப்பலாம், காசும் கிடைக்கும். பன்றிக்கொட்டகையின் எரு அப்படியல்ல. மலமும் மூத்திரமும் கழுவிய நீரும் ஒன்றாகி, கொட்டகையின் அடியிலுள்ள குழியில் கூழாய்த் தேங்கும். பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தூரம் கொண்டுபோனால் வண்டி வாடகைக்கே கட்டாது. சுற்றுவட்ட வயல்களில்தான் இறக்கியாக வேண்டும்.

அங்கே இன்னொரு சிக்கல். மக்காச்சோளத்துக்குத் தேவையான தழைச்சத்தைக் கணக்கிட்டு எருவை ஊற்றினால், மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், பயிருக்கு வேண்டியதைவிட அதிகமாக விழும். வருஷா வருஷம் அது மண்ணில் ஏறிக்கொண்டே போகும். மழையிலும் பனி உருகும் காலத்திலும் மண்ணோடு சேர்ந்து ஓடைக்குப் போகும், ஓடை ஏரிக்குப் போகும். ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு பாசியை வளர்க்கும் என்பது அந்தப் பக்கத்து ஏரிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு. நீலப்பச்சைப் பாசியில் சில வகை நஞ்சு கக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்த நாய் செத்துப்போவதுண்டு. ஏரியின் அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் வேறு, மேலிருந்து வரவு நின்ற பிறகும் பல வருஷம் கசிந்துகொண்டே இருக்கும். தழைச்சத்தின் மிச்சம் நைட்ரேட்டாகி, மணற்பாங்கான நிலத்தில் நேரே கிணற்றுக்கு இறங்கும். கிராமத்து வீடுகள் குடிப்பது சொந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 25 கிலோவுக்கு மேற்பட்ட பன்றி 2,500 இருந்தாலே அது பெரிய பண்ணை, தண்ணீர் மாசு அனுமதி வாங்க வேண்டும். உறைந்த நிலத்தின்மேல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இத்தகைய பண்ணைகள் கூழ் எருவைத் தெளிக்கக் கூடாது. ஆனால் ஊர்க்காரர்களின் கையை 2004இல் வந்த ஒரு மாநிலச் சட்டம் கட்டிவைத்திருக்கிறது. எங்கே பண்ணை வைக்கலாம் என்பதில் மாநில விதியைவிடக் கடுமையாக உள்ளூராட்சி எதையும் சொல்ல முடியாது. பொதுச்சுகாதாரத்துக்கு ஆபத்து என்று அறிவியல் ஆதாரத்தோடு நிறுவினால்தான் விலக்கு.

அதனால் சில சிற்றூர்கள் வேறு வழி பிடித்தன. எங்கே என்று கேட்கத்தானே தடை, எப்படி நடத்துவாய் என்று கேட்போம் என்றன. செத்த பன்றிகளை என்ன செய்வாய்? தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு? சுமார் ஆயிரம் பேர் வசிக்கும் லேக்டவுன் 2021இல் அப்படியொரு விதி போட்டது. மறு வருஷம் மாநிலத்தின் பெரிய தொழில் அமைப்பு ஒன்று, சில உள்ளூர்க்காரர்கள் சார்பில் வழக்குப் போட்டது. 2023இல் ஊர்த் தேர்தல் வந்தது. புதிதாக வந்த உறுப்பினர்கள் விதியையே நீக்கிவிட்டார்கள்.

வாக்கு விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஏரிக்கரை வீடுகளில் பலவற்றின் சொந்தக்காரர்கள் என் மகனைப் போல நகரத்தில் வாழ்பவர்கள். சொத்து வரி அங்கே கட்டுகிறார்கள், வாக்கு வேறு ஊரில். வார இறுதிக்கு வந்து போகிறவர்களுக்கு எங்கள் பிழைப்பைப் பற்றி என்ன தெரியும் என்று உள்ளூர் விவசாயி கேட்டால் அதையும் ஒதுக்க முடியவில்லை. விஸ்கான்சினில் 2004 வாக்கில் பதினாறாயிரம் அளவில் இருந்த பால்மாட்டுப் பண்ணைகள் 2023இல் ஆறாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன. எஞ்சியவர்கள் பெருத்தால்தான் பிழைக்கலாம் என்று நம்புகிறார்கள். ஆனால் எதிர்த்தவர்களில் அதே மண்ணில் மாடு வளர்ப்பவர்களும் உண்டு. பட்டணம், பட்டிக்காடு என்று இதைப் பிரித்துவிடுவது எனக்குச் சோம்பேறித்தனமாகப் படுகிறது.

மாநிலத்தின் கிழக்கே கிவானி மாவட்டத்தில் ஒரு பெரிய பால்பண்ணை பற்றிய வழக்கில், 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கால்நடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கவும், நிலத்தடி நீரைச் சோதிக்கும் கிணறுகளைப் பண்ணை அமைக்கக் கட்டாயப்படுத்தவும் இயற்கை வளத் துறைக்கு அதிகாரம் உண்டு என்பதே அது. எனக்குப் பிடித்த தீர்ப்பு. அதிகாரம் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், பயன்படுத்து என்று சொல்லவில்லை.

விண்ணப்பத்தைப் பார்க்கும் மேஜையில் நான் உட்கார்ந்திருந்தால் கொட்டகை வரைபடத்தை ஓரமாக வைத்துவிடுவேன். எரு இறங்கப்போகும் வயல்களின் பட்டியலை முதலில் கேட்பேன். ஒவ்வொரு வயலின் மண்ணிலும் இன்றைக்கே எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது, ஓடை எத்தனை அடி தூரம், நிலத்துக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? பன்றிகளின் எண்ணிக்கையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.