வானொலி உரையில் அடங்கிய கலகம்



இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஐரோப்பாவில் தீவிர தேசியவாத இயக்கங்கள் பல தலையெடுத்தன. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவை ஆட்சியையே கைப்பற்றின. அத்தகையதோர் இயக்கத்தைத் தடுத்து நிறுத்திய சிறு நாடும் உண்டு. அதுவே பின்லாந்து.

1917-இல் விடுதலை பெற்ற பின்லாந்து, மறு ஆண்டே உள்நாட்டுப் போரில் சிக்கியது. 30,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளைப் படை வென்றது, செம்படை தோற்றது, பகை மட்டும் ஆறவில்லை. 1929 நவம்பரில், லாப்புவா என்னும் ஊரில் கூடிய கம்யூனிஸ்டு இளைஞரின் செஞ்சட்டைகளை ஊரார் கிழித்தெறிந்தனர். அங்கே பிறந்தது லாப்புவா இயக்கம்.

1930 ஜூலையில் இவ்வியக்கத்தார் சுமார் 12,000 பேர் தலைநகராகிய ஹெல்சிங்கியில் அணிவகுத்தனர். அச்சகங்களைத் தாக்குவதும், எதிரிகளைக் கடத்திச் சென்று சோவியத் எல்லையில் விடுவதும் வழக்கமாயின. அவர்கள் கேட்டபடியே கம்யூனிஸ்டுகளை ஒடுக்கும் சட்ட முன்வரைவுகள் கொண்டுவரப்பட்டன. அத்துடன் அமைதி திரும்பிற்றா? இல்லை. அவ்வாண்டு அக்டோபரில், நாட்டின் முதற் குடியரசுத் தலைவராக விளங்கிய ஸ்டால்பெர்க்கையும் அவர் மனைவியையுமே கடத்தினர். அதுவரை ஆதரித்து வந்தோர் பலர் மனம் வெறுத்து விலகினர்.

1932 பிப்ரவரி 27-ஆம் நாள், மான்ட்சாலா என்னுமிடத்தில் நடந்த சமூக ஜனநாயகக் கட்சிக் கூட்டத்தை ஆயுதம் தாங்கியோர் கலைத்தனர். மேலும் பலர் அங்குத் திரண்டு, அரசாங்கம் விலக வேண்டுமென்றனர். அப்போது குடியரசுத் தலைவராயிருந்த ஸ்வின்ஹூவுட் பழமைவாதி. இவ்வியக்கத்தின் ஆதரவோடு பதவிக்கு வந்தவர். ஆயினும் அவர் கலகக்காரர்பால் சாயவில்லை. படைத் தலைமையும் அரசாங்கத்தின் பக்கமே உறுதியாக நின்றது. மார்ச் 2-ஆம் நாள் அவர் வானொலியில் பேசினார். அமைதியாக வீடு திரும்பும் சாதாரணத் தொண்டர் தண்டிக்கப்படமாட்டார். தலைவர்களே பொறுப்பாளிகள் என்றார். சில நாட்களில் கூட்டம் கலைந்தது. அம்மாதமே இயக்கம் தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அது கேட்டுப் பெற்ற சட்டமே அதன் மேல் பாய்ந்தது!

1937-இல் விவசாயிகள் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் கூடி ஆட்சி அமைத்தன. உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்றவர்கள் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தனர்.

வன்முறைக்கு இணங்கிய போதெல்லாம் அவ்வியக்கம் வளர்ந்தது. நண்பரென அது நம்பியவரே இணங்க மறுத்தபோது வீழ்ந்தது. தமக்கு வேண்டியவர் சட்டத்தை மீறும்போதும் அதைத் தவறென்று சொல்லும் துணிவே குடியாட்சிக்குக் காவல்.